ஃபேர்போர்ட் கன்வென்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்கள்?

1967இல் வடக்கு லண்டனில் தொடங்கிய இசைக்குழு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடல்களை எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸோடு பாடி, பிரிட்டிஷ் ஃபோக் ராக் என்ற வகைக்கே அடித்தளம் போட்டவர்கள். ஆள்கள் மாறி மாறி இன்றும் மேடையேறுகிறார்கள்.

இந்தப் பக்கத்தில் 1968 முதல் 1970 வரையிலான காலத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அந்தக் குழுவின் தலையெழுத்தை எழுதிய ஆண்டுகள் அவைதான். பிற்பட்ட ஐம்பது ஆண்டுகளும் அப்போது போட்ட பாதையில்தான் நடந்தன.

பெயர் எங்கிருந்து வந்தது?

மஸ்வெல் ஹில் பகுதியில் ஒரு வீட்டின் பெயர் 'ஃபேர்போர்ட்'. கிட்டார் வாசித்த சைமன் நிக்கலின் குடும்ப வீடு அது. அவருடைய அப்பா ஒரு மருத்துவர். பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் அங்கே வாடகைக்கு அறை எடுத்திருந்தார். பையன்கள் கூடி ஒத்திகை பார்த்ததும் அங்கேதான். அந்த வீட்டில் கூடியவர்கள் என்பதால் அந்தப் பெயர்.

முதல் கச்சேரி 1967 மே 27, கோல்டர்ஸ் கிரீனில் ஒரு தேவாலயத்தின் அரங்கில். ஹட்சிங்ஸ், நிக்கல், அப்போது பதினெட்டு வயதான ரிச்சர்ட் தாம்சன், டிரம்ஸில் ஷான் ஃப்ரேட்டர். கூட்டத்தில் நின்று கேட்ட மார்ட்டின் லாம்பிள் என்ற இளைஞர், தன்னால் இதைவிட நன்றாக வாசிக்க முடியும் என்று சொல்லி டிரம்ஸ் இடத்தைப் பிடித்துக்கொண்டார். சில வாரங்களில் பாடகி ஜூடி டைபிளும், பிறகு பாடகர் இயன் மாத்யூஸும் சேர்ந்தார்கள்.

தொடக்கத்திலேயே நாட்டுப்புறப் பாடல்தான் பாடினார்களா?

இல்லை. பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். நாட்டுப்புறப் பாடகர்கள் ஒரு நாள் எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்துக்கொண்டார்கள் என்பதல்ல கதை. ராக் வாசித்த நகரத்துப் பிள்ளைகள், அமெரிக்க இசையில் ஊறிக் கிடந்தவர்கள், தங்கள் நாட்டுப் பாடல்களைத் தேடிப் போனார்கள். இதைப் புரிந்துகொண்டால்தான் அவர்களுடைய இசை ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது விளங்கும்.

1967இல் அவர்கள் வாசித்தது பெரும்பாலும் அமெரிக்கப் பாடல்கள். பாப் டிலன், ரிச்சர்ட் ஃபரீன்யா, கனடாவின் ஜோனி மிட்செல், லெனார்ட் கோஹன். ஒலியில் தி பேர்ட்ஸ், ஜெஃபர்சன் ஏர்பிளேன் ஆகிய குழுக்களின் சாயல். ஆண் குரலும் பெண் குரலும் சேர்ந்து பாடியதால் 'பிரிட்டனின் ஜெஃபர்சன் ஏர்பிளேன்' என்றே பலர் அழைத்தார்கள். லண்டனில் குடியிருந்த அமெரிக்கத் தயாரிப்பாளர் ஜோ பாய்ட், தாம்சனின் கிட்டாரைக் கேட்டுத்தான் இவர்களை ஒப்பந்தம் செய்தார். ஜோனி மிட்செல் உலகத்துக்குத் தெரியவருவதற்கு முன்பே அவருடைய பாடல்கள் இவர்கள் கைக்கு வந்தது அவர் வழியாகத்தான். குழுவின் பெயரையே தாங்கிய முதல் ஆல்பம் 1968 ஜூனில் வந்தது. இனிமையானதுதான், ஆனால் அதைக் கேட்டு இவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்று யாராலும் ஊகித்திருக்க முடியாது.

சாண்டி டென்னி வந்ததும் என்ன மாறியது?

கிட்டத்தட்ட எல்லாமே.

1968இல் ஜூடி டைபிள் விலகிய இடத்துக்கு வந்தவர் சாண்டி டென்னி. அப்போது அவருக்கு வயது 21. தனியாளாகக் கிட்டாரோடு லண்டனின் ஃபோக் கிளப்புகளில் பாடிப் பழகியவர். ஸ்ட்ராப்ஸ் குழுவோடு சில மாதங்கள் பாடியிருந்தார். குழுவில் மற்ற யாருக்கும் தெரியாத பழைய பாடல்கள் அவருக்கு மனப்பாடமாக இருந்தன.

1969 ஜனவரியில் வந்த 'வாட் வி டிட் ஆன் அவர் ஹாலிடேஸ்' ஆல்பத்தில் இரண்டு பழம்பாடல்கள் இடம்பெற்றன. டிலனும் மிட்செலும் அதில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 'ஷி மூவ்ஸ் த்ரூ தி ஃபேர்' பாடலில் டென்னியின் குரல் எழும்போது குழு சற்று ஒதுங்கி நின்று அந்தக் குரலுக்கு இடம் விடுகிறது. கத்தாத குரல் அது. தாழ்ந்த சுரங்களில் கிட்டத்தட்டப் பேச்சு. அடுத்த வரியிலேயே எந்த முயற்சியும் தெரியாமல் மேலே போய்விடும். அலங்காரமாகக் குரலை நடுங்கவிடுவதில்லை. கதையை முன்னால் நிறுத்திவிட்டு, பாடுகிறவர் பின்னால் நிற்கிறார்.

இந்தத் திருப்பத்தில் தனக்கு வேலை குறைந்துகொண்டே போவதை உணர்ந்த இயன் மாத்யூஸ் 1969 தொடக்கத்தில் விலகினார். அமெரிக்கப் பாணியையே தொடர்ந்து தன் புதுக் குழுவோடு மறு ஆண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். அவருடைய முடிவும் குழுவின் முடிவும் சரியாகவே இருந்தன.

'எ செய்லர்ஸ் லைஃப்' என்ற ஒரே பாடலைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்?

'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தில் உள்ள பதினொரு நிமிடப் பாடல் அது. மாலுமியான காதலனைத் தேடிக் கடலில் போகும் பெண்ணின் கதை. டென்னி கிளப்புகளில் பாடிவந்த பாடல். கச்சேரிக்கு முன்னால் அறையில் அவர் அதைப் பாட, மற்றவர்கள் சும்மா உடன் வாசித்துப் பார்த்ததில்தான் தொடங்கியது.

பதிவுக்கு வயலின் வாசிக்க டேவ் ஸ்வார்பிரிக்கை அழைத்தார் ஜோ பாய்ட். ஸ்வார்பிரிக் அப்போதே நாட்டுப்புற இசை உலகில் பெரிய பெயர். இயன் கேம்ப்பெல் குழுவில் வாசித்தவர், பாடகர் மார்ட்டின் கார்த்தியோடு இணைந்து பல இசைத்தட்டுகள் தந்தவர். ஸ்டுடியோவில் ஒரே ஓட்டத்தில், வெட்டு ஒட்டு இல்லாமல் பதிவானது இந்தப் பாடல்.

கேட்டுப் பாருங்கள். முதல் பாதியில் தாளம் என்று ஒன்று நிலைகொள்வதில்லை. லாம்பிள் சிம்பல்களை மட்டும் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கிறார். கிட்டார் ஒரே சுரத்தைச் சுருதிபோலப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டென்னி கதையைத் தன் மூச்சின் அளவில் சொல்லிக்கொண்டு போகிறார். வரிகள் முடிந்தபின்தான் தாளம் பிடிக்கிறது. கிட்டாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ராக் குழு ஒன்று பழம்பாடலை ராக் தாளத்துக்குள் அடைக்காமல், பாடலின் நடைக்குத் தான் இறங்கிப் போனது இங்கேதான். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை இந்தப் பதினொரு நிமிடம் என்று நான் நம்புகிறேன்.

இதே ஆல்பத்தில் டென்னி எழுதிய 'ஹூ நோஸ் வேர் தி டைம் கோஸ்' பாடலும் உண்டு. டிலன் பாடலின் பிரெஞ்சு வடிவம் ஒன்று பிரிட்டன் பட்டியலில் 21ஆம் இடம் வரை போனது. தனிப்பாடல் பட்டியலில் அவர்கள் கண்ட பெரிய வெற்றி அதுதான்.

1969 மே மாதம் நடந்த விபத்து குழுவை எப்படிப் பாதித்தது?

மே 12 அதிகாலை. பர்மிங்காமில் கச்சேரி முடித்து லண்டன் திரும்பும் வழியில், எம்1 நெடுஞ்சாலையில் அவர்களுடைய வேன் கவிழ்ந்தது. மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது 19. ரிச்சர்ட் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். மற்றவர்களுக்கும் காயம். டென்னி வேறு வண்டியில் போனதால் தப்பினார். 'அன்ஹாஃப்பிரிக்கிங்' கடைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது.

கலைந்துவிடலாமா என்று யோசித்தார்கள். தொடர்வது என்று முடிவு செய்தபோது பழைய பாடல் வரிசையைத் திரும்ப வாசிக்க மனம் வரவில்லை. லாம்பிளோடு வாசித்தவை அவை. புதிதாக எதையாவது தொடங்கினால்தான் தொடர முடியும் என்ற நிலை. பழம்பாடல் பக்கம் அவர்கள் முழுதாகத் திரும்பியதற்கு இசை சார்ந்த காரணங்கள் நிறைய உண்டு. துக்கமும் ஒரு காரணம் என்பதை விட்டுவிட்டு அந்த இசையைப் பற்றிப் பேச முடியாது.

அமெரிக்க இசையை விட்டுச் சொந்த நாட்டுப் பாடலுக்குப் போகத் தூண்டியது எது?

ஒரு அமெரிக்க இசைத்தட்டுதான். 1968இல் தி பேண்ட் குழுவின் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' வெளியானது. அந்தக் குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் கனடாக்காரர்கள். ஆனால் கன்ட்ரி, புளூஸ், தேவாலயப் பாடல் என்று அமெரிக்க மண்ணின் வேர்களையெல்லாம் தங்கள் உடலிலிருந்து எழுவதுபோல வாசித்தார்கள். அதைக் கேட்ட ஃபேர்போர்ட் ஆள்களுக்கு ஒன்று தெளிவாயிற்று: இந்த மண்ணின் இசையை இவர்களைவிட நன்றாக நம்மால் வாசிக்க முடியாது, முயல்வதிலும் பொருளில்லை. அவர்கள் தங்கள் வேருக்குச் செய்ததை நாம் நம் வேருக்குச் செய்தால் என்ன?

பிரிட்டனில் அதற்கான நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. ஏ. எல். லாய்ட், யூவன் மெக்கால் போன்றவர்கள் 1950களிலிருந்தே நாட்டுப்புறப் பாடல் இயக்கத்தை வளர்த்து வந்தார்கள். ஷெர்லி காலின்ஸ், வாட்டர்சன்ஸ் குடும்பம், மார்ட்டின் கார்த்தி ஆகியோரின் பதிவுகள் இருந்தன. 1967இல் தொடங்கிய பென்டாங்கிள் குழு நாட்டுப்புறப் பாடலையும் ஜாஸையும் சேர்த்து வாசித்தது. ஆனால் முழு வேகத்தில் ஓடும் ஒரு ராக் குழு இந்தப் பாடல்களைத் தொட்டதில்லை.

'லீஜ் அண்ட் லீஃப்' எப்படி உருவானது?

1969 கோடையில் ஹாம்ப்ஷயரில், வின்செஸ்டருக்கு அருகே ஃபார்லி சேம்பர்லேன் என்ற சிற்றூரில் பெரிய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். எல்லோரும் ஒன்றாகக் குடியேறினார்கள். ஸ்வார்பிரிக் இப்போது முழுநேர உறுப்பினர். டிரம்ஸுக்கு டேவ் மட்டாக்ஸ் வந்தார். நடன அரங்குகளில் வாசித்துப் பழகியவர், நாட்டுப்புறப் பாடல் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. காயங்கள் ஆறிக்கொண்டிருந்தன. பாடல்கள் ஒவ்வொன்றாக உருப்பெற்றன.

செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அரங்கேற்றினார்கள். செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில் பதிவு. டிசம்பரில் இசைத்தட்டு வெளியானது. ஒரே ஆண்டில் அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் இது.

எட்டுத் தடங்களில் ஐந்து பழையவை. அவற்றில் ஒன்று நான்கு நடன மெட்டுகளைக் கோத்த வாத்திய இசை. மீதி மூன்றும் புதிதாக எழுதப்பட்டவை. பழையது எது புதியது எது என்று காதால் பிரிப்பது கடினம். தாம்சன் வரிகள் எழுதி ஸ்வார்பிரிக் மெட்டமைத்த 'கிரேஸி மேன் மைக்கேல்' இருநூறு ஆண்டு பழைய பாடல் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். பேசும் அண்டங்காக்கை ஒன்றை ஆத்திரத்தில் கொன்ற பிறகு, கொன்றது தன் காதலியை என்று அறியும் ஒருவனின் கதை. எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று தெரிந்தபின் அதைச் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

2006இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் எல்லாக் காலத்துக்குமான மிகுந்த தாக்கம் செலுத்திய ஃபோக் ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் பழம்பாடல்கள் எங்கிருந்து கிடைத்தன?

இரண்டு வழிகளில். டென்னிக்கும் ஸ்வார்பிரிக்குக்கும் கிளப்புகள் வழியாக, காதால் கேட்டு. ஹட்சிங்ஸுக்கு ஏடுகள் வழியாக. அவர் கேம்டன் பகுதியிலுள்ள செசில் ஷார்ப் ஹவுஸின் நூலகத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்து தேடினார்.

செசில் ஷார்ப் 1903இல் சோமர்செட்டில் தொடங்கி இங்கிலாந்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பாடல்களைக் குறித்துக்கொண்டவர். 1916 முதல் 1918 வரை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்கும் போனார். குடியேறிகளின் வாயில் பழைய ஆங்கிலப் பாடல்கள் அங்கே உயிரோடு இருந்தன. அவருக்கும் முன்னால் ஹார்வர்ட் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட், 305 கதைப்பாடல்களை அவற்றின் பாடபேதங்களோடு தொகுத்து எண்ணிட்டார். இன்றும் அந்த எண்ணைச் சொன்னாலே பாடகர்களுக்குப் பாடல் தெரியும். 'டாம் லின்' 39, 'மாட்டி குரோவ்ஸ்' 81.

ஆல்பத்தின் உறைக்குள் சைல்ட், ஷார்ப், நாட்டுப்புறச் சடங்குகள் ஆகியவை பற்றிப் படங்களோடு குறிப்புகள் அச்சிட்டார்கள். கேட்பவர்கள் மூலத்தைத் தேடிப் போகவேண்டும் என்று இவர்கள் உண்மையிலேயே விரும்பினார்கள்.

'மாட்டி குரோவ்ஸ்' என்ன கதை?

பிரபுவின் மனைவி, தேவாலயத்தில் கண்ட மாட்டி குரோவ்ஸ் என்ற இளைஞனைத் தன் வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரன் ஓடிப்போய்ப் பிரபுவிடம் சொல்லிவிடுகிறான். பிரபு வந்து நிற்கிறான். ஆடையில்லாதவனைக் கொல்ல மாட்டேன் என்று சொல்லி, தன் இரண்டு வாள்களில் நல்லதை அவனுக்கே கொடுக்கிறான். முதல் வெட்டு மாட்டியுடையது, அடுத்த வெட்டில் அவன் கதை முடிகிறது. இப்போது யாரை விரும்புகிறாய் என்று மனைவியிடம் கேட்கிறான் பிரபு. செத்துக் கிடப்பவனைத்தான் என்கிறாள். அவளையும் கொல்கிறான். இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்லும்போது, உயர்குலத்தவள் என்பதால் அவளை மேலே வைக்கச் சொல்கிறான்.

பெண்ணின் உடலைப் புதைக்கும் குழியில்கூடக் குலம் பார்க்கும் அந்தக் கடைசிக் கட்டளைதான் என்னை மிகவும் உலுக்குவது. இதற்கு எந்த விளக்கமும் பாடலில் இல்லை. யார் மீதும் தீர்ப்பு இல்லை. டென்னி கடைசிவரை ஒரே தொனியில் பாடுகிறார். கதை முடிந்த கையோடு குழு வேகமெடுத்து நிமிடக்கணக்கில் வாசித்துத் தீர்க்கிறது. இந்தப் பாடலுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மெட்டு அப்பலாச்சிய மலைப் பாடல் ஒன்றினுடையது. கடல் கடந்து போன இசை இந்த வழியில் ஊர் திரும்பியது.

டிரம்ஸும் வயலினும் இந்த இசையில் என்ன செய்கின்றன?

பழைய கதைப்பாடல்களைப் பாட்டிகளும் உழவர்களும் வாத்தியத் துணை இல்லாமல் தனிக்குரலில் பாடினார்கள். சொல்லுக்கேற்ப வரி நீளும், குறுகும். ராக் டிரம்ஸின் இரண்டாம் நான்காம் அடி அழுத்தத்தை அப்படியே அதன்மேல் சுமத்தினால் பாட்டு நசுங்கிப்போகும். மட்டாக்ஸ் கண்ட வழி இதுதான்: அடிகளைக் குறைத்து, கனமாக, சற்றுத் தாமதித்து வாசிப்பது, பாடகரின் வரி எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே மட்டும் நிரப்புவது. பிரிட்டிஷ் ஃபோக் ராக்கில் பின்னால் வந்த டிரம்ஸ் வாசிப்பு முழுவதும் இவர் கையிலிருந்து வந்தது.

ஸ்வார்பிரிக்கின் பங்கு வேறு. ஜிக், ரீல் என்ற நடன மெட்டுகள் அவருக்குச் சிறு வயதுப் பழக்கம். ஜிக் மூன்று மூன்றாக எண்ணும் நடை, ரீல் நான்கு நான்காக ஓடுவது. பேஸும் கிட்டாரும் அந்த வேகமான மெட்டுகளைச் சுரம் பிசகாமல் வயலினோடு சேர்ந்து வாசிக்கப் பழக வேண்டியிருந்தது. ராக் வாசிப்பவர்களுக்கு அது கடும் பயிற்சி.

ரிச்சர்ட் தாம்சனின் கிட்டார் மற்ற ராக் கிட்டார்களைப் போல இல்லையே, ஏன்?

அந்தக் காலத்து லண்டன் கிட்டார் நட்சத்திரங்கள் எல்லோரும் அமெரிக்க புளூஸிலிருந்து வந்தவர்கள். எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், ஜிம்மி பேஜ். தாம்சன் அந்தப் பாதையில் போகவே இல்லை. அவருடைய தந்தை ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் காவல்துறையில் பணியாற்றியவர். வீட்டில் ஜிம்மி ஷாண்டின் ஸ்காட்லாந்து நடன இசைத்தட்டுகளும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜாஸும் ஓடின. ஸ்காட்லாந்துப் பைப் (காற்றுப்பையோடு கூடிய குழல்) இசையில் அடியில் ஒரு சுருதி நிற்க, மேலே மெட்டு சுழலும். தாம்சன் தந்தியில் அதைத்தான் செய்கிறார். ஒரு தந்தி விடாமல் ஒலிக்க, மற்றவற்றில் சுரங்களைச் சுண்டி வளைத்து எடுக்கிறார்.

தமிழ்க் காதுக்கு இந்த இசை எட்டுமா?

எளிதாகவே எட்டும். ஆங்கில நாட்டுப்புற மெட்டுகள் பலவும் வழக்கமான மேஜர், மைனர் அளவுகளில் இல்லை. டோரியன், மிக்சோலிடியன் என்ற பழைய அளவுகளில் அமைந்தவை. டோரியனின் சுரங்கள் கரகரப்ரியாவின் சுரங்கள், மிக்சோலிடியனின் சுரங்கள் அரிகாம்போதியின் சுரங்கள். கமகம் கிடையாது, ராக இலக்கணமும் வேறு. ஆனாலும் சுருதியில் நின்று ஒற்றைக் கோடாக நகரும் மெட்டு என்பதால் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

வரலாற்றிலும் ஓர் உறவு உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையின் ஐரோப்பிய பாண்டு வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். அவைதான் நோட்டுசுவரங்கள். அவற்றுள் ஒன்றான 'வந்தே மீனாட்சி', அயர்லாந்தின் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற நடன மெட்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். வயலின் வகுப்பில் நோட்டுசுவரம் வாசித்த பிள்ளைகள், ஸ்வார்பிரிக்கின் நடன மெட்டுகளுக்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள்.

இவ்வளவு பெரிய ஆல்பம் கொடுத்த உடனே ஏன் பிரிந்தார்கள்?

'லீஜ் அண்ட் லீஃப்' கடைக்கு வரும் முன்பே குழு உடைந்துவிட்டது. ஹட்சிங்ஸுக்குப் பழம்பாடலில் இன்னும் ஆழமாக இறங்க ஆசை. டென்னிக்குத் தன் சொந்தப் பாடல்களை எழுத ஆசை. இருவரும் எதிரெதிர்த் திசையில் கிளம்பினார்கள். விபத்தின் காயமும் மனத்தில் ஆறியிருக்கவில்லை.

டென்னி 'ஃபாதரிங்கே' குழுவைத் தொடங்கினார். 1971இல் லெட் செப்பலின் ராக் குழுவின் 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாடலில் அதன் பாடகர் ராபர்ட் பிளான்ட்டோடு சேர்ந்து பாடியவரும் அவரே. ஹட்சிங்ஸ் 'ஸ்டீலை ஸ்பேன்' குழுவையும் பிறகு ஆல்பியன் என்ற பெயரில் அடுத்தடுத்துப் பல குழுக்களையும் உருவாக்கினார். ஆங்கில நாட்டுப்புற இசைக்கு இந்த ஒரு மனிதர் செய்திருப்பது ஒரு பல்கலைக்கழகத் துறையின் வேலை.

சாண்டி இல்லாமல் என்ன செய்தார்கள்?

புதுப் பாடகியைத் தேடவில்லை. பேஸுக்குப் பர்மிங்காமிலிருந்து டேவ் பெக் வந்தார். ஐந்து ஆண்கள், ஆள்மாற்றிப் பாடினார்கள். 1970இல் வந்த 'ஃபுல் ஹவுஸ்' முரட்டுத்தனமும் மகிழ்ச்சியும் கலந்தது. அதிலுள்ள 'ஸ்லாத்', தாம்சனும் ஸ்வார்பிரிக்கும் சேர்ந்து எழுதிய நீண்ட பாடல், மெதுவாகக் கொதித்து எழும். வாசிப்புத் திறன் என்று பார்த்தால் இதுவே அவர்களுடைய உச்சம் என்று வாதிடத் தயாராக இருக்கிறேன்.

ஹர்ட்ஃபோர்ட்ஷயரில் 'ஏஞ்சல்' என்ற பழைய மதுக்கடைக் கட்டடத்தில் எல்லோரும் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். 1971இல் தாம்சனும் விலகினார். அதே ஆண்டு வந்த 'பாபகாம் லீ' ஒரே கதையைச் சொல்லும் ஆல்பம். கொலைக் குற்றத்துக்காக ஜான் லீ என்பவரை 1885இல் எக்ஸெட்டர் சிறையில் தூக்கிலிட மூன்று முறை முயன்றும் பலகை திறக்கவில்லை. தண்டனை ஆயுளாக மாறியது. அந்தப் பழைய செய்தித்தாள் கட்டுரைகள் ஸ்வார்பிரிக் கையில் சிக்கியதிலிருந்து பிறந்தது. ஆண்டு இறுதியில் சைமன் நிக்கலும் போனார். தொடங்கியவர்களில் அப்போது ஒருவரும் இல்லை. நிக்கல் பின்னால் திரும்பி வந்தார்.

1970களின் மீதிக் காலம்?

சுருக்கமாகச் சொல்லலாம். ஆள்கள் வந்தார்கள், போனார்கள். 1974இல் டென்னி திரும்பி வந்து, 'ரைசிங் ஃபார் தி மூன்' 1975இல் வெளியானது. நல்ல பாடல்கள் இருந்தும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அவர் மீண்டும் விலகினார். 1978 ஏப்ரல் 21 அன்று, 31ஆம் வயதில் இறந்தார்.

பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலை வீசிய நேரம். நாட்டுப்புறப் பாடலை யாரும் சீந்தவில்லை. 1979 ஆகஸ்ட் 4 அன்று பகலில் நெப்வொர்த்தில் லெட் செப்பலின் நிகழ்ச்சியில் வாசித்துவிட்டு, மாலையில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் குரோப்ரெடி கிராமத்தில் விடைபெறும் கச்சேரி நடத்தினார்கள்.

விடைபெற்றவர்கள் எப்படி இன்னும் வாசிக்கிறார்கள்?

மறு ஆண்டு பழகியவர்கள் அதே ஊரில் ஒன்றுகூடினார்கள். அதற்கடுத்த ஆண்டும். அப்படியே அது ஆகஸ்ட் மாதத் திருவிழாவாக வளர்ந்து, பல ஆண்டுகளில் இருபதாயிரம் பேர் வரை கூடினார்கள். குழுவே நடத்தும் விழா இது. பழைய உறுப்பினர்கள் வந்து வாசித்துவிட்டுப் போவார்கள். கடைசிப் பாடல் எப்போதும் 'மீட் ஆன் தி லெட்ஜ்'. தாம்சன் பதின்பருவத்தில் எழுதியது. கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும்.

பதிவு நிறுவனம் கைவிட்ட பிறகு டேவ் பெக்கும் அவர் மனைவியும் 'உட்வர்ம்' என்ற சொந்த நிறுவனம் வைத்து இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள். 1985இல் 'கிளாடிஸ் லீப்' வெளிவர, குழு முறையாக மீண்டது. கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட ஸ்வார்பிரிக்கின் இடத்துக்கு ஜாஸ் பழக்கமுள்ள ரிக் சாண்டர்ஸ் வந்தார். 1990களில் கிறிஸ் லெஸ்லி சேர்ந்தார். 2022இல் டேவ் மட்டாக்ஸ் டிரம்ஸுக்குத் திரும்பினார்.

தொடங்கியவர்களில் சைமன் நிக்கல் மட்டும்தான் மிச்சம். இது அதே குழுவா?

என்னைப் பொறுத்தவரை, ஆம். நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பாடுகிறவர் மாறுவார், பாட்டு நிற்கும். இந்தக் குழுவும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் 1969இன் ஆபத்தான துணிச்சலைப் புதிய ஆல்பங்களில் எதிர்பார்க்க வேண்டாம். இப்போதைய இசை நிதானமானது, தோழமையானது. அது வேறு இன்பம்.

இவர்களால் யார் யார் மாறினார்கள்?

ஸ்டீலை ஸ்பேன் 1975இல் 'ஆல் அரவுண்ட் மை ஹேட்' பாடலைப் பிரிட்டன் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை கொண்டுபோனது. நிக் டிரேக் என்ற அரிய பாடகரை ஒரு கச்சேரியில் பார்த்து ஜோ பாய்டிடம் சொன்னவர் ஹட்சிங்ஸ். டிரேக்கின் பதிவுகளில் தாம்சனும் பெக்கும் மட்டாக்ஸும் வாசித்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் மெக்சிக வழி இளைஞர்களான லாஸ் லோபோஸ் குழுவினர், தங்கள் பெற்றோரின் இசைக்குத் திரும்பியபோது ஃபேர்போர்ட்டையும் மனத்தில் வைத்திருந்தார்கள். மெட்டை அல்ல, செய்த காரியத்தை எடுத்துக்கொண்டார்கள். என் கணக்கில் மிகப் பெரிய செல்வாக்கு இதுதான்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'லீஜ் அண்ட் லீஃப்' என்று எல்லோரும் சொல்வார்கள். நான் 'அன்ஹாஃப்பிரிக்கிங்' என்பேன். டிலனும் பழம்பாடலும் டென்னியின் சொந்தப் பாடலும் ஒரே தட்டில் இருப்பதால், குழு திரும்புகிற அந்தத் தருணமே காதில் விழும். அடுத்து 'லீஜ் அண்ட் லீஃப்', அதில் 'டாம் லின்' வரும்போது சத்தத்தைக் கூட்டி வையுங்கள். பிறகு 'ஃபுல் ஹவுஸ்'. இந்த மூன்றையும் கேட்ட பிறகு மார்ட்டின் கார்த்தி, ஷெர்லி காலின்ஸ் இருவரின் தனிப் பதிவுகளுக்குப் போங்கள். இதே மாதிரிப் பாடல்கள் ஒரு கிட்டார், ஒரு குரலோடு எப்படி நிற்கின்றன என்று கேட்டுவிட்டு, திரும்பவும் 'மாட்டி குரோவ்ஸ்' போட்டுப் பாருங்கள். மட்டாக்ஸ் எந்த இடத்திலெல்லாம் வாசிக்காமல் விட்டிருக்கிறார் என்பது அப்போது கேட்கும்.